வெயிலில் விழிக்கும் விதை

குளியல் பொடி, குளோ ஆயில், சீரம்… முகத்தில் பூசுவதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தது யார்?

சென்னை கே.கே. நகர் முனுசாமி சாலை. காலை பதினொரு மணிக்கே தார் மினுங்குகிறது. நாட்டு மருந்துக்கடையின் பலகைக்கு இந்தப் பக்கம் நாலைந்து பேர் நிற்கிறோம். எனக்கு முன்னால் நிற்கும் பெண்ணுக்கு அவசரம். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, முகத்தைச் சுற்றிய துப்பட்டாவைக் கூட அவிழ்க்காமல் பேசுகிறார்.

“அண்ணா, குளியல் பொடி சாமான் ஒரு செட்டு. அரைச்சே குடுத்துடுங்க.”

கடைக்காரரின் கை பார்க்காமலே டப்பாக்களைத் திறக்கிறது. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா மொட்டு. கடைசியாக ஒரு பிடி கறுப்பு விதை. மிளகு அளவுதான் இருக்கும். கொஞ்சம் தட்டையாக, அவரை விதைபோல வளைந்து இருக்கிறது.

“இது என்னண்ணா?”

“கார்போகரிசிம்மா. தோலுக்கு அவ்வளவு நல்லது. இது இல்லாம பொடி ஏது?”

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு அசோக் பில்லர் பக்கம் கிளம்பினார். தலைக்கு மேல் சித்திரை வெயில். நான் வாங்க வந்தது திப்பிலி. ஆனால் என் கண் அந்தக் கறுப்பு விதை டப்பாவை விட்டு நகரவில்லை. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் பேச்செல்லாம் அந்த விதையைப் பற்றித்தான்.

தங்கையின் கழுத்தில் ஒரு கோடு

என் தங்கை சிவன் பூங்காவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள். கைபேசியில் பார்த்த ஒரு விளம்பரத்தை நம்பி முகத்துக்கு எண்ணெய் வரவழைத்தாள். அழகான சின்னக் கண்ணாடிப் புட்டி. ‘நூறு சதவீதம் இயற்கை’, ‘ரெட்டினாலுக்கு மாற்று’, ‘பாகுச்சி குளோ ஆயில்’ என்று மேலே எழுதியிருந்தது. பாகுச்சி என்பது கார்போகரிசிக்கு இன்னொரு பெயர். உள்ளே என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று எழுதவில்லை. தயாரிப்பு எண்ணும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூசிக்கொண்டு, மகனுக்கு சைக்கிள் பழக்கப் பூங்கா வாசலுக்குப் போனாள். ஒன்றரை மணி நேரம் அவன் பின்னாலேயே ஓடினாள். அன்று ஒன்றும் ஆகவில்லை. திங்களும் ஒன்றும் இல்லை, லேசான எரிச்சல் மட்டும். செவ்வாய் காலை கன்னம் சிவந்து வீங்கி, தாடையோரம் சின்னச் சின்னக் கொப்புளம். எண்ணெய் வழிந்து கழுத்தில் இறங்கிய இடத்தில் விரலால் இழுத்தது போல ஒரு கோடு. பத்து நாளில் சிவப்பு இறங்கியது. ஆனால் கன்னத்திலும் அந்தக் கோட்டிலும் கரிச்சட்டியைத் தேய்த்தது போலக் கறுப்பு ஏறிவிட்டது.

வீட்டில் விசாரணை நடந்தது. திங்கட்கிழமை வைத்த இறால் குழம்பு என்றார் அம்மா. தலையணை உறைக்குப் போட்ட புது சோப்புத்தூள் என்றார் மாப்பிள்ளை. சூட்டு உடம்பு, எண்ணெய் தேய்த்துக் குளி என்றது பக்கத்து வீடு. ஞாயிற்றுக்கிழமை வெயிலை ஒருவரும் சந்தேகப்படவில்லை. தோல் மருத்துவர்தான் மூன்றே கேள்வியில் பிடித்தார். என்ன பூசினீர்கள், எப்போது பூசினீர்கள், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் வெயிலில் நின்றீர்கள்?

இந்த வகைப் பாதிப்பின் பெரிய சூழ்ச்சியே அதன் தாமதம்தான். சாதாரண வெயில் சிவப்பு அன்று மாலையே தெரிந்துவிடும். கார்போகரிசியில் இருக்கும் சோரலென் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்து உண்டாக்கும் புண் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதற்குள் இரண்டு வேளை குழம்பு மாறியிருக்கும், ஒரு சோப்பு மாறியிருக்கும். பழி எங்கேயோ போய்ச் சேர்கிறது. எண்ணெய்ப் புட்டி அலமாரியிலேயே பத்திரமாக இருக்கிறது.

இருட்டில் சாது

சில பொருட்கள் இருட்டில் வைத்துப் பார்த்தால் சாதுவானவை. தோலில் தடவி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது. வெயில் பட்டதும் கதை மாறிவிடும். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. அதில் ‘ஏ’ வகைக் கதிர் மேகத்தையும் தாண்டும், கார் சன்னல், பஸ் சன்னல் கண்ணாடியையும் பெரும்பாலும் தாண்டும். அந்தக் கதிரை விழுங்கும் மூலக்கூறு கிளர்ச்சி நிலைக்குப் போகிறது. வாங்கிய சக்தியை எங்காவது இறக்கிவைக்க வேண்டும். அருகில் இருக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்து அதை வெறிபிடித்த ஆக்சிஜனாக மாற்றலாம். அது செல்லின் சவ்வை அரிக்கும். சோரலென் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. செல்லின் மரபுச் சரமான டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்து, வெளிச்சம் பட்டதும் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடும்.

இதற்கு ஒளி நச்சு என்று பெயர். போதிய அளவு பொருளும் போதிய வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரலாம். ஒளி ஒவ்வாமை வேறு. வெளிச்சத்தில் உருமாறிய பொருளை உடம்பின் காவல் அமைப்பு எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. சிலருக்குத்தான் வரும். ஆனால் வந்துவிட்டால் துளி அளவே போதும், வெயில் படாத இடத்துக்கும் அரிப்பு பரவும். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கிருமி நாசினி சோப்புகளில் போட்ட டெட்ராகுளோரோசாலிசிலனிலைடு என்ற பொருள் இப்படித்தான் பலருடைய முகத்தையும் கையையும் புண்ணாக்கியது. பிறகு ஆண்கள் சவரத்துக்குப் பின் பூசும் வாசனைத் திரவத்தில் இருந்த மஸ்க் அம்ப்ரெட் மாட்டியது. வெயிலிலிருந்து காப்பாற்ற வந்த சன்ஸ்கிரீனில் இருக்கும் ஆக்சிபென்சோனே சிலருக்கு ஒளி ஒவ்வாமை தருகிறது.

இந்த அறிவு ஒரு இடி மழையில் பிறந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹெர்மன் ஃபான் டாப்பைனரின் ஆய்வுக்கூடத்தில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் என்ற சாயம் ஒற்றைச் செல் உயிரியான பரமீசியத்தை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். ஒருநாள் கிடைத்த நேரம் இன்னொரு நாள் கிடைக்கவில்லை. சாயம் அதேதான், அளவும் அதேதான். யோசித்துப் பார்த்தபோது, ஒரு சோதனை நடந்தது வானம் இருண்டு இடி இடித்த நாளில் என்பது புரிந்தது. கொன்றது சாயம் மட்டும் இல்லை, சன்னல் வெளிச்சமும்தான். 1900-ல் இதை வெளியிட்டார்கள்.

அளந்து கொடுத்த வைத்தியர்கள்

ஆனால் வெயிலும் விதையும் சேர்ந்தால் தோலின் நிறம் மாறும் என்பது நம் நாட்டுக்கு மியூனிக் சொல்லித் தெரிய வேண்டிய செய்தி இல்லை. வெண்புள்ளி விழுந்த இடத்தில் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயில் காட்டுவது இந்திய மருத்துவத்தின் மிகப் பழைய முறை. எகிப்தில் நைல் நதிக்கரையில் வேறொரு செடியின் விதையை வைத்து இதையே செய்தார்கள். 1933-ல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் என்ற இந்திய வேதியியலாளர்கள் கார்போகரிசியிலிருந்தே சோரலெனைப் பிரித்தெடுத்தார்கள். 1940-களின் கடைசியில் கெய்ரோவின் எல் மொஃப்டி, எகிப்தியச் செடியில் கிடைத்த அதன் உறவுப் பொருளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1974-ல் அமெரிக்காவில் பாரிஷும் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் அதைச் செயற்கைப் புற ஊதா விளக்கோடு சேர்த்து சோரியாசிஸுக்குப் ‘பூவா’ சிகிச்சை என்று நிலைநாட்டினார்கள்.

நம் மருத்துவமனைகளில் அதற்கு ஒரு எளிய வடிவம் உண்டு, ‘பூவாசோல்’. விளக்குக்குப் பதில் சூரியன். இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களிடம் பேசிப்பாருங்கள். மருந்து தடவிய இடத்தை எத்தனை நிமிடம் வெயிலில் காட்ட வேண்டும் என்று மருத்துவர் எண்ணிச் சொல்லியிருப்பார். மருந்தை நீர்க்கவைத்துக் கொடுப்பார். முதல் நாள் ஓரிரு நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, காட்டி முடித்ததும் கழுவிவிட்டு மூடிக்கொள் என்பார். மீறினால் கொப்புளம் என்று எச்சரிப்பார். மாத்திரையாகத் தரும், சோரலெனின் உறவான மெத்தாக்ஸ்சாலெனும் புற ஊதா ‘ஏ’ கதிரும் சேர்ந்த சிகிச்சையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவற்றின் முதல் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. அது நீண்ட காலச் சிகிச்சையைப் பற்றியது, வாரம் ஒருமுறை தேய்க்கும் குளியல் பொடியைப் பற்றியது அல்ல. இருந்தாலும் இந்தப் பொருளின் குணம் என்ன என்பதற்கு அந்தப் பட்டியல் சாட்சி.

என் ஆதங்கம் இங்கேதான் தொடங்குகிறது. மருந்தாக இருக்கும்போது நிமிடக் கணக்கில் அளந்து கொடுக்கும் விதை, அழகுப் பொருளாக மாறியதும் அளவே இல்லாமல் கன்னத்தில் ஏறுகிறது.

பாட்டிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் குளியல் பொடியைத் தேய்த்து, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பயறுக்கும் மஞ்சளுக்கும் நடுவே கார்போகரிசி கொஞ்சம்தான். தோலில் தங்கும் நேரமும் குறைவு. இன்று அதே பொடியைத் தயிரில் குழைத்து அரை மணி நேரம் ‘ஃபேஸ் பேக்’ போடுகிறோம். விதையை எண்ணெயில் ஊறவைத்து, கழுவாமல் அப்படியே விட்டு வெளியே கிளம்புகிறோம். விதை மாறவில்லை, பழக்கம் மாறிவிட்டது.

▪ பெட்டிச் செய்தி: ஒரே விதை, இரண்டு பெயர்

அழகுப் பொருள் கடைகளில் இப்போது பேசப்படும் பாகுச்சியோல் கார்போகரிசியில் இருந்து கிடைப்பது. 1966-ல் புணே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சுக்தேவ் குழுவினர் இதை முதலில் விவரித்தார்கள். சுருக்கத்தையும் கருமையையும் குறைப்பதில் ரெட்டினாலுக்கு ஈடுகொடுக்கிறது என்று 44 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியான பிறகு அதன் புகழ் ஏறியது. சுத்தமாகப் பிரித்தெடுத்த பாகுச்சியோல் வேறு, விதையைப் பிழிந்த பாகுச்சி எண்ணெய் வேறு. முதலாவதில் சோரலெனை நீக்கியிருக்க வேண்டும். இரண்டாவதில் சோரலெனும் அதன் உறவுகளும் கூடவே இருக்கும். இரண்டையும் ஒரே பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் மூன்று நாள்

வெயிலில் ஒரு பொருள் என்ன செய்யும் என்று மனிதர் முகத்தில் பூசித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? வேண்டாம். முயலின் முதுகையும் கினிப்பன்றியின் முதுகையும் சிரைத்துப் பூசிப் பார்த்த காலமும் போய்விட்டது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2004-ல் ஏற்றுக்கொண்ட ‘432’-ஆம் எண் சோதனை இன்று உலகம் முழுக்க நடக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எவ்வளவு எளிய, எவ்வளவு நேர்மையான கேள்வியை அது கேட்கிறது என்று தெரிய வேண்டும்.

முதலில் அந்தப் பொருள் வெளிச்சத்தை விழுங்குகிறதா என்று ஒரு கருவியில் பார்க்கிறார்கள். விழுங்கவே இல்லை என்றால் அதோடு முடிந்தது, பயமில்லை. விழுங்கினால் அடுத்த கட்டம். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஒவ்வொன்றிலும் எலியின் உடலிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்து ஆய்வுக்கூடத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் ‘3டி3’ என்ற செல்கள். முதல் நாள் செல்களைக் குடிவைக்கிறார்கள். இரண்டாம் நாள், சோதிக்க வேண்டிய பொருளை எட்டு வெவ்வேறு அளவுகளில் ஊற்றி ஒரு மணி நேரம் இருட்டில் விடுகிறார்கள்.

இப்படி ஒரே மாதிரி இரண்டு தட்டுகள். ஒன்று சூரியனைப் போன்ற விளக்கின் அடியில் போகிறது. செல்லை நேரடியாகச் சுட்டுக் கொல்லும் ‘பி’ வகைக் கதிரை வடிகட்டிவிட்டு ‘ஏ’ கதிரை மட்டும் பாய்ச்சுகிறார்கள். வழக்கமாக 50 நிமிடம், சதுர சென்டிமீட்டருக்கு மொத்தம் 5 ஜூல். இன்னொரு தட்டு அதே 50 நிமிடமும் இருட்டிலேயே உட்கார்ந்திருக்கும். பிறகு இரண்டையும் கழுவி, புது ஊட்டம் கொடுத்து, இரவு முழுக்க விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாள் நியூட்ரல் ரெட் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றினால் உயிருள்ள செல்கள் குடித்துக்கொள்ளும், செத்தவை குடிக்காது. எந்தக் குழி எவ்வளவு சிவந்திருக்கிறது என்று அளந்தால் முடிந்தது.

பாதிச் செல்களைக் கொல்ல இருட்டில் எவ்வளவு பொருள் தேவைப்பட்டது, வெளிச்சத்தில் எவ்வளவு போதுமாக இருந்தது? முதலாவதை இரண்டாவதால் வகுக்கிறார்கள். விடை 2-க்குக் கீழே என்றால் ஒளி நச்சு இல்லை. 5-ம் அதற்கு மேலும் என்றால் உண்டு. நடுவில் வந்தால் சந்தேகத்துக்கு இடம். சோதனை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க, ஒளி நச்சு என்று ஏற்கெனவே தெரிந்த குளோர்புரோமசின் மருந்தையும் கூடவே ஓட்டுவார்கள்.

சதுர சென்டிமீட்டருக்கு 5 ஜூல் என்றால் எவ்வளவு? நம் கோடைகால உச்சி வெயிலில் அரை மணி நேரத்துக்குள் அது தோலில் விழுந்துவிடும். கே.கே. நகரிலிருந்து கிண்டிக்கு சிக்னல் சிக்னலாக நின்று போய்வந்தாலே போதும்.

இந்தச் சோதனைக்கும் குறை உண்டு. அது பயந்த சுபாவம் கொண்டது. தட்டில் நேராகச் செல் மேல் ஊற்றுவதால், தோலின் தடித்த மேலடுக்கைத் தாண்டாத பொருளைக் கூடக் குற்றவாளி என்று சொல்லிவிடும். மஞ்சளின் குர்குமினே ஆய்வுக்கூடத் தட்டில் வெளிச்சம் பட்டால் செல்லைக் கொல்கிறது. அதற்காக மஞ்சள் பூசிய முகமெல்லாம் வெந்துபோகவில்லை. ஆகவே, ‘இல்லை’ என்று இந்தச் சோதனை சொன்னால் நிம்மதியாக நம்பலாம். ‘உண்டு’ என்றால் மேலே விசாரிக்க வேண்டும். அதற்குத்தான் மனிதத் தோல் செல்களை அடுக்கடுக்காக வளர்த்து உருவாக்கும் செயற்கைத் தோலில் செய்யும் சோதனை 2021-ல் வந்தது. ஒளி ஒவ்வாமையைத்தான் இன்னும் தட்டில் பிடிக்க முடியவில்லை. அதற்கு ஆளின் முதுகில் இரண்டு வரிசை மருந்துப் பட்டைகள் ஒட்டி, ஒரு வரிசைக்கு மட்டும் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ‘ஃபோட்டோ பேட்ச்’ சோதனைதான் வழி.

சட்டம் எதுவரை வந்திருக்கிறது

விலங்குகள் மேல் அழகுப் பொருளைச் சோதிப்பதை இந்தியா 2014 மே மாதம் தடை செய்தது. அப்படிச் சோதித்த வெளிநாட்டுப் பொருளின் இறக்குமதிக்கும் அதே ஆண்டு தடை வந்தது. நல்ல முடிவு, பெருமைப்படலாம். 2020-ல் அழகுப் பொருட்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. உற்பத்திக்கு உரிமம் வேண்டும், மூலப்பொருள் பட்டியல் வேண்டும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தடைப் பட்டியலை மீறக் கூடாது. உலகத்துக்கே புதிய மூலப்பொருள் என்றால் பாதுகாப்பு ஆதாரத்தோடு மத்திய அனுமதியும் வேண்டும்.

காலங்காலமாகப் புழங்கும் விதைக்கு அந்தக் கடைசிக் கதவு திறப்பதே இல்லை. பழசு என்பதே அதற்கு நற்சான்றிதழாகிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இதை வேறு மாதிரி பார்க்கிறது. சோரலென் குடும்பத்தை அழகுப் பொருளில் தனியாகச் சேர்க்கக் கூடாது. இயற்கை வாசனை எண்ணெய்களில் வழக்கமாக இருக்கும் அளவை மட்டும் விட்டுவைக்கிறார்கள். வெயிலில் பூசும் பொருள் என்றால் அதுவும் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகையின் எண்ணெயைப் போட்ட வெயில் தைலங்கள் அங்கே விற்ற அனுபவத்தில் பிறந்த கட்டுப்பாடு அது. அந்த எண்ணெய் கழுத்தில் வழிந்த இடத்தில் பதக்கம் தொங்குவது போலக் கறை விழுமாம். அதற்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: பெர்லாக். என் தங்கையின் கழுத்தில் இருந்த கோட்டுக்கு நூறு வருடத்துக்கு முன்பே பெயர் இருந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

ஆய்வுக்கூடம் இல்லாத ஊர் இல்லை நம்முடையது. லக்னோவில் 1965-ல் தொடங்கிய இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒளி உயிரியலுக்கென்றே தனிக் குழு இருக்கிறது; தலைமுடிச் சாயத்தின் மூலப்பொருட்கள் வெயிலில் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னைக்கு வெளியே படப்பையில் பன்னாட்டு உயிரித் தொழில்நுட்பம் மற்றும் நச்சியல் நிறுவனம் இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் விலங்குகளுக்கு மாற்றைத் தேடும் மகாத்மா காந்தி–டோரென்காம்ப் மையம் 2009-ல் தொடங்கப்பட்டது. சென்னையிலேயே அரசின் மருந்துச் சோதனைக் கூடம் இருக்கிறது. உரிமத்தைக் கேட்கும் மருந்துக் கட்டுப்பாட்டு இயக்ககம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில்; கே.கே. நகரிலிருந்து ஒரு பஸ் தூரம். இத்தனை இருந்தும், வீட்டில் பொடி அரைத்துக் கைபேசியில் விற்கும் ஒருவரிடம் ‘வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தீர்களா’ என்று கேட்க ஆள் இல்லை.

கறுப்புக்குப் பிறகு நடப்பது

கொப்புளம் பத்து நாளில் ஆறிவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் நீளமானது.

நம் தோலில் நிறமி அதிகம். அதனால் வெள்ளைத் தோலைவிட வெயிலைத் தாங்கும். ஆனால் புண்பட்டால் அதே நிறமி கறையாகப் படிந்து மாதக்கணக்கில் போகாது. அந்த மாதங்களில் ஒரு பெண்ணின் வீட்டில் என்ன நடக்கும் என்று இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போகமாட்டாள். ‘முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு’ என்று முதலில் கேட்பவர் சொந்தக்காரராகத்தான் இருப்பார். மங்கு என்று சொல்வார்கள், ரத்தம் கெட்டிருக்கிறது என்பார்கள். அந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்க, பார்லரில் ப்ளீச் செய்துகொள்வாள். புண்பட்ட தோலில் ப்ளீச்! அதற்கும் அடங்கவில்லை என்றால் மருந்துக்கடையில் யாரோ சொன்ன சிவப்பழகு க்ரீம். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிய ஆரம்பித்து, நிறுத்தினால் நெருப்பாய் எரியும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் அரசு இறுக்கியதே இந்தக் கொடுமையைப் பார்த்துத்தான். ஒரு விதையில் தொடங்கியது இப்படி மூன்று கடை மாறிப் போகிறது.

எல்லோருக்கும் ஒரே வெயில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏ.சி. அறையில் வேலை செய்பவர் காலையில் பூசியதை மாலையில் கழுவிவிடலாம். அண்ணா மெயின் ரோட்டில் பூ விற்கும் அம்மாவுக்கு, சாலை பெருக்கும் மாநகராட்சிப் பணியாளருக்கு, உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் பையனுக்கு, கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வரிசையில் நிற்கும் தொழிலாளிகளில் வெட்டவெளியில் வேலை செய்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களும் முகத்துக்குப் பூசுகிறார்கள். பத்து ரூபாய் சாஷேயில் வரும் க்ரீம், வாசனை எண்ணெய், எலுமிச்சைச் சாறு.

எலுமிச்சையை நான் மறந்துவிட்டுப் போக முடியாது. முகம் வெளுக்க எலுமிச்சம்பழத் தோலைத் தேய் என்ற அறிவுரை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்தத் தோலிலும் சோரலென் குடும்பப் பொருட்கள் உண்டு. ஜூஸ் கடையில் நாள் முழுக்கப் பழம் பிழிந்துவிட்டு வெயிலில் நிற்பவரின் கையில் விழும் கறுப்புத் திட்டுகள் அழுக்கு அல்ல.

‘முதலில் காதுக்குப் பின்னால் பூசிப் பாருங்கள்’ என்று எல்லாப் புட்டியிலும் எழுதியிருக்கிறார்கள். சாதாரண ஒவ்வாமைக்கு அது சரியான யோசனை. ஆனால் வெயிலில் மட்டும் விழிக்கும் பொருளை, வெயிலே படாத இடத்தில் பூசினால் என்ன தெரியும்? என் தங்கை அப்படிப் பார்த்துவிட்டுத்தான் பூசினாள். காதுக்குப் பின்னால் ஒன்றுமே ஆகவில்லை.

▪ பெட்டிச் செய்தி: பூசும் முன்

பாகுச்சி எண்ணெய், கார்போகரிசிப் பொடி, எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய் கலந்தவற்றைப் பகலில் பூசிக்கொண்டு வெளியே போகாதீர்கள். பூசியிருந்தால் வெளியே கிளம்பும் முன் நன்றாகக் கழுவுங்கள்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்.பி.எஃப். எண் மட்டும் போதாது. அது முக்கியமாக ‘பி’ கதிருக்கான கணக்கு. ‘ஏ’ கதிருக்கு ‘பி.ஏ.’ என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் கூட்டல் குறிகளும் இருக்கும். குறி அதிகமானால் காப்பும் அதிகம்.

முகத்திலும் கழுத்திலும் வழிந்த கோடு போலவோ, துப்பட்டா மறைத்த இடத்தை விட்டுவிட்டோ சிவப்போ கறுப்போ வந்தால், மூன்று நாளுக்கு முந்தைய வெயிலையும் பூச்சையும் நினைத்துப் பாருங்கள். புட்டியையே எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.

சில மருந்து மாத்திரைகளும் தோலை வெயிலுக்கு நோகவைக்கும்; டாக்ஸிசைக்ளின் அதில் ஒன்று. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புட்டியின் மறுபக்கம்

அந்த எண்ணெயை விற்றவருக்குத் தங்கை கோபமாக எழுதினாள். நான் போன் செய்தேன். பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. வேறொரு மாவட்டத்தில், இரண்டு பிள்ளைகளின் தாய், சமையலறை மேடையில் எண்ணெய் ஊறவைத்து விற்கிறார். நான் சொல்லச் சொல்ல அவர் குரல் உடைந்துபோனது. விதைக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவர் அம்மா அரைத்த பொடி, அவர் பாட்டி அரைத்த பொடி. அதை எண்ணெயாக்கினால் நன்றாக விற்கும் என்று ஒரு வீடியோ சொன்னது. செய்தார்.

“அக்கா, இதை எங்க குடுத்து டெஸ்ட் பண்ணணும்?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விசாரித்துவிட்டு மறுநாள் அவரே கூப்பிட்டார். தனியார் கூடத்தில் ஒரு பொருளுக்குக் கேட்ட தொகை, அவர் இரண்டு மாதம் விற்றாலும் வராது.

கோபம் அந்த இடத்தில் எனக்கு ஆள் மாறியது. மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கிறோம், கண்காட்சியில் கடை போடவைக்கிறோம், பொட்டலம் கட்டப் பயிற்சி கொடுக்கிறோம். விற்கும் பொருளை மூன்று நாள் தட்டில் வைத்துப் பார்க்க, அரசுக் கூடத்தில் குறைந்த கட்டணத்தில் ஒரு சன்னல் திறந்துவிட முடியாதா? ஒவ்வொரு புட்டியையும் சோதிக்க வேண்டியதுகூட இல்லை. தமிழ்நாட்டுக் குளியல் பொடியில் சேரும் சாமான் இருபது இருபத்தைந்து இருக்கும். அவ்வளவையும் ஒரே ஒரு முறை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, எதைக் கழுவ வேண்டும், எதை இரவில் மட்டும் பூச வேண்டும், எதைச் சேர்க்கவே கூடாது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்தால், அதை நாட்டு மருந்துக்கடைப் பலகையிலேயே ஒட்டலாம்.

தங்கையின் கன்னம் இப்போது பாதி தெளிந்திருக்கிறது. கழுத்துக் கோடு இன்னும் போகவில்லை.

போன வாரம் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டார். எண்ணெயை நிறுத்திவிட்டாராம். பொடியிலிருந்தும் கார்போகரிசியை எடுத்துவிட்டாராம்.

“பழைய கஸ்டமரெல்லாம் கேக்கறாங்கக்கா. கார்போகரிசி இல்லாம குளியல் பொடியான்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?”